மோசே விதித்தது ஒரே ஓர் உபவாசம். யூதர் நாட்காட்டியில் இருப்பதோ ஆறு

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கியபோது, யோம் கிப்பூர் போர் தொடங்கி 50 ஆண்டும் ஒரு நாளும் ஆகின்றன என்று செய்திகள் எழுதின. யூதப் பண்டிகை நாளில் தாக்குதல் நடந்தது என்றும் எழுதின. இரண்டையும் சேர்த்துப் படித்த பலர், தாக்குதல் யோம் கிப்பூர் அன்றே நடந்ததாக நினைத்துக்கொண்டார்கள். அப்படியல்ல. 1973 அக்டோபர் 6, யூதர்களின் திஷ்ரி மாதம் 10ஆம் நாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பட்டினி இருக்கும் யோம் கிப்பூர் அதுதான். 2023 அக்டோபர் 7 திஷ்ரி 22. இஸ்ரேலில் அது, வேத நூலான தோராவின் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடிப்பாடும் சிம்ஹத் தோரா. ஆங்கில நாட்காட்டியில் ஒரு நாள் வித்தியாசம். யூத நாட்காட்டியில் பன்னிரண்டு நாள்.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. யூதர்களின் விசேஷ நாட்கள் எல்லாம் பைபிளில் உள்ளவை என்று பொதுவாக நம்பப்படுகிறது. சிம்ஹத் தோரா என்ற பெயரே பைபிளில் கிடையாது. அந்தத் தேதிக்கு லேவியராகமம் சொல்வது கூடாரப்பண்டிகையின் எட்டாம் நாள் சபை கூடுதல், அவ்வளவுதான். தோரா வாசிப்பை அன்று முடித்து மறுபடி தொடங்குவதும், அதைக் கொண்டாடுவதும் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து சேர்ந்தவை. இப்படித்தான் ஏறக்குறைய எல்லா நாட்களும்: தேதி ஓரிடத்திலிருந்து வரும், அதன் பொருள் இன்னோரிடத்திலிருந்து வரும்.

மூன்று அடுக்குகள்

எந்தப் பண்டிகையைப் பற்றிக் கேட்டாலும் முதலில் அது எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

1. தோரா. அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள். பண்டிகைப் பட்டியல் முழுதாக இருப்பது லேவியராகமம் 23இல். யாத்திராகமம் 12, 23, எண்ணாகமம் 28, 29, உபாகமம் 16 ஆகியவை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. இங்கே சொல்லப்பட்டது யூதர்களுக்குக் கட்டளை.

2. தீர்க்கதரிசிகளும் மற்ற எழுத்துகளும். எரேமியா, சகரியா, எஸ்தர், புலம்பல், நெகேமியா போன்ற நூல்கள். இவற்றில் வரும் நாட்கள் பெரும்பாலும் நடந்த சம்பவத்தின் நினைவு. சினாய் மலையில் விதிக்கப்பட்டவை அல்ல.

3. ரபிமாரின், அதாவது யூத மத ஆசிரியர்களின் மரபு. வாய்மொழியாக வந்த சட்டம் கி.பி. 200 வாக்கில் மிஷ்னாவாகத் தொகுக்கப்பட்டது. அதற்கு எழுந்த விவாதம் தல்மூத் ஆயிற்று. என்றைக்கு, எப்படி, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் முடிவு செய்தது இந்த அடுக்கு.

பௌர்ணமியும் வாற்கோதுமையும்

நாட்காட்டி புரியாவிட்டால் மேலே போக முடியாது. யூத மாதம் அமாவாசை கழிந்து பிறை தெரியும்போது தொடங்கும். அதனால் 15ஆம் தேதி என்றாலே பௌர்ணமியை ஒட்டிய நாள். பஸ்காவும் கூடாரப்பண்டிகையும் முழு நிலவில் வருவது இதனால்தான். நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் "சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி" என்று சாயங்காலத்தை முன்னால் வைத்திருப்பதை ரபிமார் அதற்கு ஆதாரம் காட்டுவார்கள். எனவே செய்தியில் வியாழக்கிழமை யோம் கிப்பூர் என்று வந்தால், பட்டினி புதன் மாலையே தொடங்கிவிடும்.

பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. இஸ்லாமிய நாட்காட்டி அந்தக் குறைவை அப்படியே விட்டுவிடுகிறது. ரம்ஜான் கோடையிலும் மழைக்காலத்திலும் மாறி மாறி வருவது அதனால். யூதர்கள் அப்படி விட முடியாது. பஸ்கா ஆபீப் மாதத்தில், அதாவது வாற்கோதுமை கதிர் முற்றும் வசந்தத்தில் வர வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. ஆகவே 19 ஆண்டுகளில் ஏழு முறை ஆதார் மாதத்தை இரண்டாக்கிக்கொள்கிறார்கள். சாந்திரமானப் பஞ்சாங்கத்தில் வரும் அதிக மாசத்துக்குச் சொந்தக்காரக் கணக்கு இது. அங்கே இரட்டிக்கும் மாதம் மாறிக்கொண்டிருக்கும், இங்கே ஆதார் மட்டும்.

இன்னொரு முடிச்சு: ஆண்டு எந்த மாதத்தில் தொடங்குகிறது? யாத்திராகமம் 12 பஸ்கா வரும் மாதத்தையே முதல் மாதம் என்கிறது. ஆனால் யூதப் புத்தாண்டு என்று உலகம் அறிந்த ரோஷ் ஹஷானா ஏழாம் மாதத்தின் முதல் நாள். மாதத்துக்கு ஒரு தொடக்கம், ஆண்டு எண்ணுக்கு இன்னொன்று. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் காலண்டர் ஜனவரியில் மாறுவதோடு வாழ்ந்து பழகிய நமக்கு இது பெரிய புதிராக இராது.

நிசான், திஷ்ரி, கிஸ்லேவ் என்ற பெயர்கள் பாபிலோனில் சிறையிருந்தபோது ஒட்டிக்கொண்டவை. தோராவில் பெரும்பாலும் முதலாம் மாதம், ஏழாம் மாதம் என்ற எண்தான். தம்மூஸ் என்பது பாபிலோனியத் தெய்வத்தின் பெயர். அந்தத் தெய்வத்துக்காகப் பெண்கள் அழுவதைத் தீர்க்கதரிசி எசேக்கியேல் அருவருப்பு என்று கண்டிக்கிறார். அதே பெயருள்ள மாதத்தில் யூதர்கள் உபவாசம் இருப்பதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

வயலிலிருந்து வந்த மூன்று பண்டிகைகள்

ஆண்டுக்கு மூன்று முறை ஆண்கள் எல்லாரும் ஆண்டவர் முன் வர வேண்டும் என்பது தோராவின் கட்டளை. அந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது அறுவடை. வரலாறு அதன் மேல் வந்து அமர்ந்தது.

பஸ்கா உண்மையில் இரண்டு நாட்கள் ஒட்டிப் பிறந்தது. நிசான் 14 மாலையில் ஆட்டுக்குட்டியைப் பலியிடுவது ஒன்று. 15 முதல் ஏழு நாள் புளிப்பில்லாத அப்பம் தின்பது இன்னொன்று. லேவியராகமம் இரண்டையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. எகிப்திலிருந்து அவசரமாகக் கிளம்பியபோது பிசைந்த மாவு புளிக்க நேரமில்லை என்ற யாத்திராகமத்தின் விளக்கம் இரண்டையும் ஒரே கதையில் கட்டுகிறது. கசப்பான கீரை அடிமை வாழ்வின் கசப்பு என்பது பின்னால் வந்த விளக்கம். தோரா கீரையைத் தின்னச் சொல்கிறது, காரணம் சொல்லவில்லை. பலியிடும் இடமான எருசலேம் ஆலயம் போன பிறகு ஆட்டுக்குட்டியும் போயிற்று. மிஞ்சியது அப்பமும் கீரையும் கதையும். கதை மிஞ்சியதற்குக் காரணம், உன் பிள்ளைக்கு அந்நாளில் சொல் என்று யாத்திராகமம் 13 கட்டளையிட்டிருப்பது. பஸ்கா இரவு விருந்தில் வீட்டின் கடைக்குட்டி நான்கு கேள்விகளைக் கேட்பதும் பெரியவர்கள் பதில் சொல்வதும் அந்த ஒரு வசனத்திலிருந்து வளர்ந்தவை.

அடுத்தது ஷாவுவோத், வாரங்களின் பண்டிகை. இதில்தான் அடுக்குகள் விலகித் தெரிகின்றன. இதற்குத் தோராவில் தேதியே கிடையாது. வாற்கோதுமையின் முதல் கதிர்க்கட்டைக் கொண்டுவரும் நாளிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாளில் கோதுமையின் முதற்பலனைப் படைக்க வேண்டும். எண்ணத் தொடங்குவது ஓய்வுநாளுக்கு மறுநாள். எந்த ஓய்வுநாள்? பஸ்காவின் முதல் நாளையே ஓய்வுநாள் என்று கொண்டார்கள் பரிசேயர் என்ற பிரிவினர். இல்லை, அது சனிக்கிழமைதான் என்றார்கள் அவர்களுடைய எதிரிகள். பரிசேயரின் வழியில் வந்த ரபிமார் யூதம் நிசான் 16இலிருந்து எண்ணுகிறது. வாய்மொழிச் சட்டத்தை ஏற்காத கராயிட் யூதர்கள் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் எண்ணுகிறார்கள். ஒரே வசனம், இரண்டு தேதி.

தோரா கொடுக்கப்பட்ட நாள் என்று ஷாவுவோத்தை இப்போது கொண்டாடுகிறார்கள். இரவு முழுக்கக் கண்விழித்துப் படிப்பவர்களும் உண்டு. பைபிளில் இப்படி ஒரு வரி கிடையாது. மூன்றாம் மாதத்தில் இஸ்ரவேலர் சினாய்க்கு வந்தார்கள் என்று யாத்திராகமம் 19 சொல்கிறது. அந்தக் காலக்கணக்கும் ஐம்பதாம் நாளும் அருகருகே விழுவதைப் பார்த்து ரபிமார் இரண்டையும் இணைத்தார்கள். கோயில் இல்லாத ஊரில், நிலமில்லாத மக்களுக்கு, கோதுமைப் பண்டிகை எப்படி நிற்கும்? இந்த இணைப்புதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பழகிய பெந்தெகொஸ்தே என்ற பெயரும் கிரேக்கத்தில் ஐம்பதாவது என்று மட்டுமே பொருள்படும். அப்போஸ்தலர் நடபடிகளில் பல தேசத்து யூதர்கள் எருசலேமில் கூடியிருந்தது இந்தப் பண்டிகைக்குத்தான்.

மூன்றாவது சுக்கோத். தமிழ் பைபிள் கூடாரப்பண்டிகை என்கிறது. சொல் கொஞ்சம் திசைதிருப்புகிறது. எபிரேயத்தில் கூடாரத்துக்கு வேறு சொல் உண்டு. சுக்கா என்பது தழை வேய்ந்த குடில். நம் ஊர்க் கீற்றுப் பந்தலுக்குத்தான் அது நெருக்கம். மண்ணில் முளைத்து வெட்டப்பட்ட தழையால்தான் கூரை போட வேண்டும், நிழல் வெயிலைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று மிஷ்னா விதிக்கிறது. கூரை இடுக்கில் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது என்பது வழக்கம். களத்துப் பலனும் திராட்சை ஆலையின் பலனும் வீடு சேர்ந்தபின் ஏழு நாள் மகிழ்ந்திரு என்று உபாகமம் சொல்வது விவசாயியின் குரல். எகிப்திலிருந்து புறப்பட்டபோது உங்களைக் குடில்களில் குடியிருக்கச் செய்தேன் என்று லேவியராகமம் சொல்வது வரலாற்றின் குரல். வனாந்தரத்தில் தழை ஏது என்ற கேள்வி தல்மூத்திலேயே விவாதமாகியிருக்கிறது: நிஜக் குடில்தான் என்றார் ஒருவர், மக்களைச் சூழ்ந்து நிழல் தந்த மகிமையின் மேகம் என்றார் இன்னொருவர்.

ஏழாம் மாதத்தின் நெரிசல்

செப்டம்பர், அக்டோபரில் இஸ்ரேல் அடிக்கடி மூடிக்கிடப்பதற்குக் காரணம் திஷ்ரி மாதம். முதல் நாள் எக்காளம், பத்தாம் நாள் பாவநிவிர்த்தி (யோம் கிப்பூர்), பதினைந்திலிருந்து குடில்கள், இருபத்திரண்டாம் நாள் சபை கூடுதல். தோராவில் ஓய்வுநாள் தவிர வேலை செய்யக் கூடாத பண்டிகை நாட்கள் மொத்தம் ஏழு. அவற்றில் நான்கு இந்த ஒரே மாதத்தில்.

முதல் நாளைப் பற்றித் தோரா மிகச் சிக்கனமாகப் பேசுகிறது. எக்காளச் சத்தத்தோடு நினைவுகூரும் நாள், வேலை செய்யாதே, பலி செலுத்து. புத்தாண்டு என்று சொல்லவில்லை, நியாயத்தீர்ப்பு நாள் என்றும் சொல்லவில்லை. ரோஷ் ஹஷானா என்ற சொற்றொடர் எசேக்கியேல் 40இல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அங்கும் அது இந்தப் பண்டிகையின் பெயர் அல்ல. எல்லா மனிதரும் மந்தையைப்போல் ஒவ்வொருவராகக் கடவுள் முன் கடந்துபோகும் நாள் இது என்ற எண்ணம் மிஷ்னாவில்தான் தெளிவாகிறது. எதை நினைவுகூர வேண்டும் என்று தோரா சொல்லாமல் விட்ட இடத்தில் முழுத் தத்துவமே முளைத்துவிட்டது.

தோராவின் ஒரே உபவாசம்

யோம் கிப்பூரைப் பற்றித் தோரா தாராளமாகப் பேசுகிறது. ஆனால் உபவாசம் என்ற சொல் அங்கே இல்லை. லேவியராகமம் 16, 23 இரண்டிலும் உள்ளது ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துங்கள் என்ற கட்டளை. பட்டினியே அதன் பொருள் என்பதற்கு ஏசாயா 58, சங்கீதம் 35 போன்ற இடங்கள் துணை நிற்கின்றன. அங்கே உபவாசமும் தாழ்மைப்படுத்துதலும் ஒன்றாகவே வருகின்றன. மிஷ்னா அதை விரித்து உண்ணல், பருகல், குளித்தல், எண்ணெய் பூசுதல், தோல் செருப்பு அணிதல், தாம்பத்தியம் ஆகியவற்றைத் தடுத்தது. உண்ணலையும் பருகலையும் ஒன்றாக எண்ணி இதை ஐந்து தடைகள் என்பார்கள்.

உபவாசம் என்ற சொல்லைத் தமிழில் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலும் பழமும் சாப்பிட்டு விரதம் இருக்கலாம், ஒருபொழுது இருக்கலாம். ரம்ஜான் நோன்பில் மாலையானதும் திறக்கலாம். யோம் கிப்பூரில் சூரியன் மறைவதற்கு முன் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அப்போது சாப்பிடுவது அனுமதி மட்டுமல்ல, கடமை.

ஆலயம் இருந்த காலத்தில் அன்றைய மையம் மக்களின் பட்டினியில் இல்லை, தலைமை ஆசாரியரின் பணியில் இருந்தது. ஆண்டுக்கு அந்த ஒரே நாள் அவர் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைவார். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் கொண்டுவரப்படும். சீட்டுப் போட்டு ஒன்றைக் கடவுளுக்குப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் கைகளை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்புவார்கள். எபிரேயத்தில் இந்தக் கடா அசாசேலுக்கு உரியது. அசாசேல் என்பது இடமா, பேயா, கடாவின் பெயரா என்பது முடியாத வழக்கு. தமிழ் பைபிளைப் பெயர்த்தவர்கள் போக்காடு என்று ஒரு சொல்லைப் போட்டு வழக்கை முடித்துவிட்டார்கள். போக விடப்படும் ஆடு. அழகான சொல், ஆனால் பேய் என்ற வாய்ப்பு அதில் மறைந்துபோகிறது. லேவியராகமத்தில் ஆடு உயிரோடு விடப்படுகிறது. மிஷ்னாவின் விவரிப்பிலோ மலையுச்சியிலிருந்து தள்ளப்படுகிறது. திரும்பி வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் காரணமாக இருக்கலாம்.

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை எரித்தபின் ஆசாரியரும் இல்லை, ஆடும் இல்லை. மிச்சமிருந்தது தாழ்மைப்படுத்துதல். ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வந்தது. அதோடு மிஷ்னா ஒரு நிபந்தனை வைத்தது: கடவுளுக்கு விரோதமாகச் செய்ததை யோம் கிப்பூர் நிவிர்த்தி செய்யும், அடுத்தவனுக்குச் செய்ததை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை நிவிர்த்தி செய்யாது. ரோஷ் ஹஷானாவுக்கும் யோம் கிப்பூருக்கும் இடையில் யூதர்கள் நண்பர்களிடமும் பகைத்தவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுப் போவது இதனால்.

அன்று காலை தொழுகைக்கூடத்தில் வாசிக்கத் தேர்ந்தெடுத்திருக்கும் தீர்க்கதரிசனப் பகுதி ஏசாயா 57, 58. உபவாசம் இருந்தும் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கேட்க, உபவாச நாளிலேயே வேலைக்காரர்களை ஒடுக்குகிறீர்கள், தலையை நாணல்போல் வளைப்பதா உபவாசம், பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்து கொடு என்று பதில் வருகிறது. பட்டினி கிடப்பவர்கள் முன்னால் பட்டினியைக் குறைசொல்லும் பகுதியை வாசிக்க ஏற்பாடு செய்தவர்கள் துணிச்சல்காரர்கள். பிற்பகலில் யோனா: அங்கே உபவாசம் இருந்து மன்னிப்புப் பெறுவது யூதர்களல்ல, நினிவே நகரத்துப் புறவினத்தார்.

எருசலேம் விழுந்த கதை, நான்கு தவணைகளில்

தோரா ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. மீதி ஐந்தில் நான்கு, பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்த கதையை நாட்காட்டியில் பிரித்து வைத்தவை. சகரியா 8:19 நாலாம், ஐந்தாம், ஏழாம், பத்தாம் மாதங்களின் உபவாசம் என்று இவற்றைப் பெயரில்லாமல் எண்ணுகிறது. நடந்த வரிசை வேறு:

1. தேவேத் 10 (பத்தாம் மாதம்): முற்றுகை தொடங்கிய நாள். 2 இராஜாக்கள் 25 தேதியோடு சொல்கிறது. பாபிலோனில் சிறையிருந்த எசேக்கியேலுக்கு, இந்த நாளின் பெயரை எழுதி வை என்று கட்டளை வந்தது. இஸ்ரேலின் தலைமை ரபி அமைப்பு, நாஜி இனப்படுகொலையில் இறந்த, தேதி தெரியாதவர்களுக்காகக் கத்தீஷ் ஜெபம் சொல்லும் பொது நாளாக இதை ஆக்கியிருக்கிறது.

2. தம்மூஸ் 17 (நாலாம் மாதம்): மதில் உடைந்த நாள். ஆனால் எரேமியா 52 சொல்வது ஒன்பதாம் தேதி. பாபிலோனியர் அழித்த முதல் ஆலயத்தின் காலத்தில் ஒன்பதிலும் ரோமர் அழித்த இரண்டாம் ஆலயத்தின் காலத்தில் பதினேழிலும் மதில் உடைந்தது என்று தல்மூத் சமாதானம் சொல்கிறது. கடைப்பிடிப்பது பின்னதை.

3. ஆப் 9 (ஐந்தாம் மாதம்): ஆலயம் எரிந்த நாள்.

4. திஷ்ரி 3 (ஏழாம் மாதம்): கெதலியா கொலையுண்ட நாள்.

மூன்றாவதும் நான்காவதும் நின்று பார்க்க வேண்டியவை.

ஆப் 9 என்ற தேதி பைபிளில் எங்கும் இல்லை. பாபிலோன் தளபதி நேபுசராதான் ஐந்தாம் மாதம் ஏழாம் தேதி வந்தான் என்கிறது 2 இராஜாக்கள். பத்தாம் தேதி என்கிறது எரேமியா. தல்மூத் இரண்டையும் சமரசப்படுத்துகிறது: ஏழாம் நாள் புகுந்தார்கள், ஒன்பதாம் நாள் மாலை நெருப்பு வைத்தார்கள், பத்தாம் நாள் முழுக்க எரிந்தது. துக்கம் தொடங்கிய நாளையே துக்க நாளாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் ஆலயமும் கி.பி. 70இல் இதே நாட்களில் எரிந்தது. அதன் பிறகு ஒன்பதாம் நாள் ஒரு காந்தம்போல் ஆயிற்று. கானானுக்குள் போகப் பயந்து இஸ்ரவேலர் அழுத இரவு, ரோமரை எதிர்த்த யூதக் கிளர்ச்சியின் பெத்தார் கோட்டை கி.பி. 135இல் வீழ்ந்தது, ரோமர் நகரை உழுதது என்று மிஷ்னா ஐந்து துயரங்களை இந்தத் தேதியில் அடுக்குகிறது. பிற்கால மரபு இன்னும் பலவற்றைச் சேர்த்தது. அவற்றில் எல்லாம் தேதி சரியாகப் பொருந்துவதில்லை. பொருந்த வேண்டும் என்பது அங்கே நோக்கமும் அல்ல. காரணமில்லாமல் அழுதீர்கள், தலைமுறை தலைமுறையாக அழ ஒரு காரணம் வைக்கிறேன் என்று கடவுள் சொன்னதாகத் தல்மூத் எழுதுவது எண்ணாகமம் 14இன் அந்த இரவைப் பற்றி. அன்று மாலை தரையில் அமர்ந்து, விளக்கைக் குறைத்து, எரேமியாவின் புலம்பலை வாசிக்கிறார்கள். யோம் கிப்பூரின் அதே ஐந்து தடைகள், அதே 25 மணி நேரம். மற்ற மூன்று உபவாசங்களும் விடியலிலிருந்து இருட்டும்வரைதான்.

கெதலியாவின் கதை இவ்வளவு பிரபலமில்லை. அரசியலாகப் பார்த்தால் இதுவே கூர்மையானது. நகரம் எரிந்தபின் மிச்சமிருந்த ஏழை மக்களுக்கு அதிபதியாக பாபிலோன் நியமித்த யூதர் கெதலியா. பாபிலோனுக்கு அடங்கி, திராட்சரசமும் எண்ணெயும் சேர்த்து வைத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார். சிதறிப்போனவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். ராஜவம்சத்தைச் சேர்ந்த இஸ்மவேல் கொல்ல வருகிறான் என்று படைத்தலைவர் யோகனான் எச்சரித்தார், கெதலியா நம்பவில்லை. ஏழாம் மாதம் இஸ்மவேல் பத்துப் பேரோடு மிஸ்பாவுக்கு வந்தான். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்ட இடத்திலேயே எழுந்து வெட்டினான். பயந்த மக்கள் எகிப்துக்கு ஓட, யூதாவில் மிஞ்சியிருந்த வாழ்வும் கலைந்தது. பாபிலோனியர் செய்ததற்கு மூன்று உபவாசம் என்றால், சொந்த ஜனமே செய்ததற்கு ஒன்று. 1995 நவம்பர் 4 அன்று பிரதமர் இட்சாக் ராபினை ஒரு யூதனே சுட்டுக் கொன்ற பிறகு இஸ்ரேலில் இந்தப் பெயர் மறுபடி பேசப்பட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தரியுவின் நாலாம் ஆண்டில் ஒரு கேள்வி

கி.மு. 518இல், பாரசீக மன்னன் தரியுவின் நாலாம் ஆண்டில், ஒரு தூதுக்குழு எருசலேமுக்கு வந்தது. ஆலயத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் கேட்டது இதுதான்: இத்தனை வருஷமாக ஐந்தாம் மாதத்தில் அழுது வருகிறோமே, இனியும் அழ வேண்டுமா?

நியாயமான கேள்வி. எரிந்ததற்காக உபவாசம் என்றால், கட்டி முடித்தபின் எதற்கு? சகரியா 7, 8 இரண்டு அதிகாரங்கள் இதற்குப் பதில். பதில் நேராக வரவில்லை. இந்த எழுபது வருஷமும் நீங்கள் இருந்த உபவாசம் எனக்காகவா என்று கடவுள் திருப்பிக் கேட்கிறார். விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் பரதேசியையும் ஒடுக்காதிருங்கள் என்று முன்பே சொன்னதை உங்கள் பிதாக்கள் கேட்கவில்லை, அதனால்தான் நகரம் போயிற்று என்கிறார். கடைசியில், நான்கு உபவாசங்களும் யூதா வீட்டாருக்கு மகிழ்ச்சியும் களிப்புமான பண்டிகைகளாகும், ஆகையால் சத்தியத்தையும் சமாதானத்தையும் சிநேகியுங்கள் என்று முடிக்கிறார். நிறுத்து என்றும் இல்லை, தொடர் என்றும் இல்லை.

ஆலயம் கி.மு. 515இல் கட்டி முடிந்தது. அது நின்ற நூற்றாண்டுகளில் இந்த உபவாசங்கள் எப்படி இருந்தன என்பது இன்றும் விவாதம். தல்மூத் சட்டமாக ஒரு சூத்திரம் தந்தது: சமாதானம் இருந்தால் இவை மகிழ்ச்சி நாட்கள், துன்புறுத்தல் இருந்தால் கட்டாய உபவாசம், இரண்டும் இல்லாத இடைக்காலத்தில் விரும்பினால் இருக்கலாம். ஆப் 9 மட்டும் விலக்கு, ஏனெனில் துயரங்கள் அதில் இரட்டித்தன. சமாதானம் என்றால் எது, நாடு கையில் இருப்பதா, ஆலயம் நிற்பதா என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை.

எஸ்தரும் மக்கபேயரும்

ஆறாவது உபவாசம் எஸ்தருடையது. பாரசீகப் பேரரசில் யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரீம் பண்டிகைக்கு முந்தைய நாள், ஆதார் 13. எஸ்தர் நூலில் மூன்று நாள் உபவாசம் நிச்சயமாக உண்டு. ஆனால் யூதர்களை அழிக்கும் கட்டளை எழுதப்பட்டது நிசான் 13இல். எஸ்தர் உபவாசம் கேட்டது அதையடுத்து. அதாவது பஸ்கா சமயம், பூரீமுக்குப் பதினோரு மாதம் முன்னால். ஆதார் 13இல் யூதர்கள் செய்தது சண்டை. பின்வந்தவர்கள் உபவாசத்தைச் சண்டை நாளுக்கு நகர்த்திவிட்டார்கள். ஆறில் மிக இளையதும் லேசானதும் இதுவே. கடவுளின் பெயர் ஒரு தடவைகூட வராத அந்த நூலில், உபவாசம் மட்டுமே பக்தியின் தடயம்.

ஹனுக்கா எபிரேய பைபிளிலேயே இல்லை. கி.மு. 164இல் யூதா மக்கபே ஆலயத்தைச் சுத்திகரித்து மறுபடி அர்ப்பணித்த வரலாறு மக்கபேயர் நூலில் இருக்கிறது. கத்தோலிக்கர் பைபிளில் அந்த நூல் உண்டு, யூதர் பைபிளில் இல்லை. ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற அற்புதமோ மக்கபேயரில் இல்லை, தல்மூத்தில்தான் வருகிறது. யோவான் 10இல் இயேசு மாரிகாலத்தில் ஆலயத்தில் உலாவியது இந்தப் பண்டிகையின்போது. யூதப் பண்டிகைக்குப் புதிய ஏற்பாட்டில் சாட்சி!

பழைய கேள்வி, புதிய செய்தி

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்டில் எருசலேமிலிருந்து ஒரு செய்தி வருவது வழக்கமாகிவிட்டது. ஆலயம் நின்ற குன்றில் இப்போது அல் அக்சா பள்ளிவாசலும் பாறைக் குவிமாடமும் நிற்கின்றன. நிர்வாகம் ஜோர்தான் சார்ந்த வக்ஃபிடம். முஸ்லிமல்லாதவர்கள் பார்க்க வரலாம், தொழக் கூடாது என்பது 1967க்குப் பின் வந்த ஏற்பாடு. ஆப் 9 அன்று அங்கே ஏறிப்போகும் யூதர்களின் கூட்டம் பெருகியிருக்கிறது. 2024இலும் 2025இலும் அமைச்சர் இத்தமார் பென் க்விர் அன்று அங்கே போனது பல நாடுகளின் கண்டனத்தைப் பெற்றது. துக்க நாளில் ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு மேலே சொன்ன அடுக்குகளில் விடை இருக்கிறது: இழந்ததை நினைத்து அழும் நாளை மீட்கும் நாளாக மாற்றப் பார்க்கிறார்கள். சகரியா நூலில் தூதுக்குழு கேட்ட கேள்விக்குத் தாங்களே பதில் எழுத நினைக்கிறார்கள். மகா பரிசுத்த ஸ்தலம் இருந்த இடத்தைத் தெரியாமல் மிதித்துவிடக் கூடாது என்பதால் அந்தக் குன்றில் ஏறவே கூடாது என்று தலைமை ரபி அமைப்பு வைத்த பலகை வாசலில் இருக்கிறது.

அதே கேள்வி அமைதியான இன்னோரிடத்திலும் எழுந்தது. ஆப் 9 பிற்பகல் ஜெபத்தில் ஆறுதல் கேட்கும் பழைய பகுதி ஒன்று உண்டு. எருசலேமைத் துக்கித்து, பாழாகி, இகழப்பட்டு, வெறுமையாய்க் கிடக்கும் நகரம் என்று அது விவரிக்கிறது. 1967 ஜூனில் இஸ்ரேல் பழைய நகரத்தைக் கைப்பற்றியபின், பேருந்துகளும் கடைகளும் ஓடும் ஊரைப் பார்த்து வெறுமையான நகரம் என்று கடவுளிடம் சொல்வது பொய்யாகாதா என்று சிலர் கேட்டார்கள். ரபி ஷ்லோமோ கோரன் வாக்கியங்களை மாற்றி ஒரு புதிய வடிவம் எழுதினார். ஆலயம் எழவில்லையே, எதை மாற்றுவது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். இஸ்ரேலில் சில தொழுகைக்கூடங்களில் புதிய வடிவமும் பெரும்பாலானவற்றில் பழையதும், அந்த ஒரே பிற்பகலில், ஓதப்படுகின்றன.